மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, வயிறு உப்புகிறது: தடை எங்கே இருக்கிறது?

கேள்வி அனுப்பியவருக்கு வயது 36. ஆம்பூர் அருகே ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை. காலை ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது, அதுவும் முக்கி முக்கி. போய் வந்த பிறகும் மீதி உள்ளே தங்கிவிட்ட உணர்வு. மாலையில் புடவைக் கொசுவம் இறுகும் அளவுக்கு வயிறு உப்பிவிடுகிறது. சில நாள் வெள்ளையாகக் கோழையும் வருகிறது. கடுக்காய்ப் பொடி, இசப்கோல், மருந்துக் கடையில் விற்கும் ‘குடல் சுத்தச் சூரணம்’ எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கோ நேர்மாறாகப் பேதி நிற்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிக்கும் பதில் சொல்லவேண்டும்.

குடியாத்தத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கேள்வியை இதே கோர்வையில் வாரம் தவறாமல் கேட்கிறேன்.

நாள்தோறும் போகாவிட்டால் கழிவு இரத்தத்தில் ஏறி உடம்பே விஷமாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஒரு நாளைக்கு மூன்று முறை போகிறவரும் உண்டு, வாரத்துக்கு மூன்று முறை மட்டும் போகிறவரும் உண்டு. நம் பக்கத்தில் தினம் ஒருமுறை இருமுறை போய்ப் பழகியவர்கள் அதிகம் என்பதால் ஒரு நாள் தவறினாலே கவலை பிடித்துக்கொள்கிறது. உங்கள் கடிதத்தில் நாட்கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. முக்குவதும், மீதி இருப்பது போன்ற உணர்வும்தான் பெரிதாகப் படுகின்றன. மலம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆட்டுப் புழுக்கையாகக் காய்ந்து விழுந்தால் பெருங்குடலில் வெகுநேரம் கிடந்திருக்கிறது என்று பொருள். மென்மையாக இருந்தும் வெளியேற மறுத்தால் கோளாறு வாசலில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமலேயே பொடி, சூரணம், நார்ச்சத்து என்று வயிற்றில் கொட்டுவதால்தான் பலருக்கு ஆண்டுக்கணக்கில் தீராமல் இழுக்கிறது.

உங்கள் நாளைக் கவனித்தேன். ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, ஆறரைக்குப் பஸ்ஸில் ஏறுகிறீர்கள். காலைச் சாப்பாடு கம்பெனியில். குடலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. இரவில் உறங்கி, நாம் விழித்ததும் அதுவும் விழித்துக்கொள்ளும். வயிற்றில் உணவு இறங்கிய அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் வலுவாக ஓர் அலை எழுப்பி, இருப்பதைக் கீழே தள்ளும். அந்த அலை காலை உணவுக்குப் பிறகுதான் பெரும்பாலும் பலமாக வரும். உங்களுக்கு அது வரும் நேரத்தில் நீங்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கவேண்டும், கழிப்பறையில் வரிசை, தண்ணீர் இருக்குமோ இருக்காதோ, அதற்குள் துண்டுக் கணக்கு பின்தங்கிவிடும். ஆகவே அடக்கிக்கொள்கிறீர்கள்.

அடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? மலக்குடல் விரிந்ததும் ஆசனவாயின் உள் தசை தானாகவே தளர்ந்துவிடும். அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. வெளித் தசை மட்டும் நம் கையில் இருக்கிறது. அதை இறுக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் மலக்குடல் இணங்கிப்போகும், உணர்வு அடங்கிவிடும். பெருங்குடலின் முக்கியமான வேலை தண்ணீரை உறிஞ்சுவது. சிறுகுடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் திரவம் அதற்குள் வருகிறது, வெளியே போவது 100 முதல் 200 மில்லி மட்டும்தான். தங்கும் நேரம் கூடக்கூட மலம் வறண்டுகொண்டே போகிறது. பல மாதம் அடக்கிப் பழகினால் மலக்குடல் விரிந்து மரத்துப்போய், நிறைய சேர்ந்தால்தான் மூளைக்குச் செய்தி அனுப்பும். ‘எனக்கு உணர்வே வருவதில்லை’ என்று பெண்கள் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்குமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். வேலூர் வெயிலில், அதுவும் அக்கினி நட்சத்திரத்தில், இரும்புக் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு.

இதற்கு மருந்து மாத்திரைக்கு முன்னால் நேரம் ஒதுக்குவதுதான். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரோ காபியோ குடித்து, கூடவே ஒரு பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். வெறும் தண்ணீரை விட ஏதாவது உணவு விழுந்தால்தான் குடல் அசையும். கால் மணி நேரம் கழித்து, உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கைபேசி வெளியே இருக்கட்டும். தினமும் அதே நேரத்தில் செய்தால் சில வாரங்களில் குடல் பழகிக்கொள்ளும். சமையலில் கால் மணி நேரத்தை வீட்டில் வேறொருவர் ஏற்கவேண்டியிருக்கும். அதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், இது மருத்துவர் எழுதிய சீட்டு என்றே சொல்லுங்கள்.

இனி வாசலுக்கு வருவோம். மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தில் ஒரு தசை கயிறு கட்டியதுபோல் பின்னாலிருந்து முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. நின்றாலும் உட்கார்ந்தாலும் அந்த இடம் மடங்கியிருப்பதால்தான் எதுவும் கசிவதில்லை. குந்தி உட்காரும்போது அந்தத் தசை தளர்ந்து வழி நேராகிறது. புதிதாகக் கட்டிய வீடுகளில் எல்லாம் மேல்நாட்டுக் கழிப்பறை வந்துவிட்டது. மூட்டு வலிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம், மலச்சிக்கல்காரர்களுக்கு அப்படியில்லை. அதில்தான் உட்காரவேண்டும் என்றால் அரை அடியிலிருந்து முக்கால் அடி உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் இடுப்பை விட உயர்ந்திருக்கவேண்டும். உடம்பை முன்னால் சாய்த்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்து முகம் சிவக்க முக்கவேண்டாம். வாயைத் திறந்து மெல்ல மூச்சை விட்டபடி, இடுப்பைச் சுற்றி வயிறு அகலமாவதுபோல் விரித்துக் கீழ்நோக்கித் தள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் மென்மையான மலமே வெளியேறவில்லை, விரலால் அழுத்தினாலோ தண்ணீரைப் பீய்ச்சினாலோதான் வருகிறது என்றால், தள்ளும்போது திறக்கவேண்டிய தசை உங்களுக்கு இறுகுகிறது என்று சந்தேகிக்கலாம். பிரசவத்துக்குப் பிறகும், மூலம் அல்லது வெடிப்பு வந்து வலிக்குப் பயந்து இறுக்கிப் பழகியவர்களுக்கும் இது அதிகம். ஸ்கேனில் தெரியாது. மருத்துவர் கையுறை மாட்டி விரலால் பரிசோதித்து, ‘இப்போது தள்ளுங்கள்’ என்று சொல்லிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பெண் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். வருடக்கணக்காக மாத்திரை விழுங்கியவர்களுக்கும் யாரும் அதைச் செய்து பார்த்திராதது எனக்குப் பழகிப்போன விஷயம். பெரிய மருத்துவமனைகளில் ஆசனவாய் அழுத்தம் அளக்கும் சோதனையும், 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை வெளியே தள்ளச் சொல்லும் சோதனையும் இருக்கின்றன. ஒரு நிமிடத்துக்குள் தள்ள முடியாவிட்டால் சிக்கல் இங்கேதான். இதற்கு வைத்தியம் பயிற்சி. திரையில் தசையின் அசைவைக் காட்டி, எதைத் தளர்த்தவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பத்தில் ஆறு ஏழு பேருக்கு இது பலன் தருகிறது. அறுவை எதுவும் வேண்டாம். இந்த வகைக்காரர்கள் நார்ச்சத்தை அள்ளிப் போட்டால் வாசல் பூட்டியிருக்கும்போது உள்ளே கூட்டம் சேர்ந்து உப்புசம்தான் கூடும். உங்களுக்கு இசப்கோல் சாப்பிட்டு வயிறு மேலும் உப்பியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம், சாப்பிட்ட விதம். இசப்கோல் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும் பொருள். ஒரு தேக்கரண்டியை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து கெட்டியாவதற்குள் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்கவேண்டும். அரை டம்ளரில் கரைத்து விழுங்கிவிட்டுப் படுத்தால் குடலில் கட்டியாகும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து இரண்டாக்குங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். நூறு கிராம் வெள்ளை அரிசியில் மூன்று கிராம்கூட இல்லை, அதே அளவு கேழ்வரகில் சுமார் 11 கிராம், கொய்யாவில் 8 கிராம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நான் குறை சொல்லப்போவதில்லை, ஆம்பூர்க்காரரிடம் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் சீரகச் சம்பாவும் கறியும் சேர்ந்த அந்தத் தட்டில் காய் என்று இருப்பது கத்தரிக்காய்த் தொக்கு மட்டும்தான். மறுநாள் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், மாலையில் ஒரு கொய்யாவும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் வாரத்தில் இரண்டு நாள் அரிசிக்குப் பதிலாகப் பொங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வயிறு கலகம் செய்யும்.

பழைய சோற்றைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வெந்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகி, குடல் சுவருக்கு நன்மை தரும் அமிலங்களாகிறது. இந்த வகை மாவுச்சத்தை உப்புச்சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பேதி குறைந்ததை வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பழைய சோறு மலச்சிக்கலைத் தீர்க்கும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள், காற்று கூடினால் விட்டுவிடுங்கள்.

உப்புசத்துக்கு வருகிறேன். காற்று நாம் விழுங்குவதிலும் வருகிறது, பெருங்குடலில் நொதிப்பதிலும் வருகிறது. மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை போன்றவற்றை இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் நொதிக்கும் சர்க்கரைகள் கணிசமாகக் குறையும். பச்சை வெங்காயப் பச்சடி, பூண்டு, கோதுமை, பலாப்பழம் ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பால் விஷயத்தில் தென்னிந்தியரில் பெரும்பாலானவர்களுக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. காபியில் விடும் பால் அநேகமாகத் தொந்தரவு செய்யாது, இரவில் குடிக்கும் ஒரு டம்ளர் பால் செய்யலாம். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் தாங்கும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறு மட்டும் தின்று மெலிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், காலையில் தட்டையாக இருந்து மாலையில் உப்பும் வயிற்றில் பல நேரம் காற்று அதிகமாக இருப்பதே இல்லை. அப்படிப்பட்டவர்களை சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது, சாப்பிட்ட பிறகு மேலே எழவேண்டிய உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே இறங்குவதும், இறுகவேண்டிய வயிற்றுத் தசை தளர்வதும் தெரிந்தது. இருக்கும் குடலையே உடம்பு முன்னால் தள்ளுகிறது. எளிதில் சீண்டப்படும் குடல், மனக் கவலை, மலம் தேங்குதல் எல்லாம் இதைத் தூண்டும். சாப்பிட்ட பின் கால் மணி நேரம் மெதுவாக நடப்பதும், விலா விரியும்படி மூச்சு இழுத்து மெல்ல விடும் பயிற்சியும் இதற்குப் பலன் தரும். சோடா குடித்து ஏப்பம் விடுவது அந்த நேரத்து ஆறுதல்தான், காற்றை நீங்களே கூட்டிக்கொள்கிறீர்கள்.

மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கட்டும், கறுப்பாக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாலும் உடம்பு நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்து, கோடீன் உள்ள இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, வயிற்று வலிக்கு எல்லோரும் போடும் டைசைக்ளோமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எல்லாம் குடலை மந்தமாக்கும். சர்க்கரை நோய்க்காரருக்கு வோக்லிபோஸ் மாத்திரை தொடங்கியதும் வயிறு உப்பினால் அது மருந்தின் வேலை. மாவுச்சத்தைச் செரிக்காமல் பெருங்குடலுக்கு அனுப்புவதுதான் அது செய்யும் தொழில்.

கடுக்காய்க்கு என்னிடம் விரோதமில்லை. வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட உதவிய அதே கடுக்காய்தான், மென்மையாகப் பேதியாக்கும், அளவோடு சாப்பிடலாம். எனக்குப் பயம் சூரணத்தின் மேல். ‘குடல் சுத்தம்’ என்று விற்பவை பலவற்றில் நிலவாகை என்ற பேதி மூலிகை இருக்கும். வாரத்தில் ஓரிரு நாள் கைகொடுக்கும், தினமும் தின்றால் வயிற்றைப் பிசையும், அளவும் கூடிக்கொண்டே போகும். அதைவிட மோசம், யார் செய்தது என்றே தெரியாத செந்தூரமும் பற்பமும், அதாவது உலோகங்களையும் தாதுக்களையும் புடம்போட்டுச் செய்யும் பொடிகள். அவற்றில் ஈயம் கலந்திருந்தால் கொடிய வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தசோகை மூன்றும் சேர்ந்து வரும். உங்களுக்கு மலச்சிக்கலும் இரத்தசோகையும் இருக்கின்றன. சூரணத்தின் பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டுங்கள், சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து தேவைப்பட்டால் பாலிஎதிலீன் கிளைகால் பொடி நல்லது. குடலில் தண்ணீரைத் தக்கவைக்கும், உடம்பில் சேராது, பல மாதம் சாப்பிடலாம். 17 கிராம் ஒரு டம்ளர் தண்ணீரில், தினமும். லாக்டுலோஸ் சிரப் வேலை செய்யும், ஆனால் காற்றைக் கூட்டும், உங்களுக்கு வேண்டாம். மூன்று நாள் ஒன்றும் ஆகாவிட்டால் இரவில் ஒரு பிஸகோடைல் மாத்திரை போடலாம். விளக்கெண்ணெய் கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

கோழையைப் பற்றி. காய்ந்த மலமும் முக்குதலும் இருக்கும்போது கொஞ்சம் வெள்ளைக் கோழை வருவது சகஜம். இரத்தம் கலந்த கோழை வேறு விஷயம். வெளிக்குப் போகும் பழக்கம் திடீரென மாறுவது, இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி அல்லது பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் கொலனாஸ்கோபிக்கு, அதாவது கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்கு, போகவேண்டும். இரும்பு மாத்திரையின் கறுப்பு வெறும் கறுப்பு. தார்போல ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் அடித்தால் மேற்குடலில் இரத்தம் கசிகிறது, அன்றே மருத்துவமனை. சாப்பிட்டதும் வயிற்றில் உருண்டு திரண்டு ஒரு பந்து நகர்ந்து, சத்தத்தோடு அடங்கி, மாலையில் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் குடல் காசநோயைத் தேடவேண்டும், நம் நாட்டில் அது அரிதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கி நாள்தோறும் நீடிக்கும் உப்புசத்தை வாயு என்று விடாமல் கருப்பையையும் சினைப்பையையும் ஸ்கேன் பார்க்கவேண்டும். உப்புசத்தோடு நாட்பட்ட பேதி, நாக்குப் புண், மெலிவு சேர்ந்தால் சத்து உறிஞ்சப்படவில்லை. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற இந்த நோய் கொள்ளைநோயாகவே பரவியது, வேலூரில்தான் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். இப்போது குறைவு, ஆனால் மறந்துவிடக்கூடாது. மேல்வயிறு அல்லது நெஞ்சு அழுத்தம் வியர்வையோடு வந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோய்க்காரருக்கு, ‘கேஸ்’ என்று சோடா கொடுத்து நேரத்தை வீணாக்காமல் உடனே இ.சி.ஜி. எடுக்கவேண்டும். வாயு என்று நினைத்து மாரடைப்பில் போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் எழுதும் பரிசோதனைகள் குறைவு: இரத்த எண்ணிக்கை, தைராய்டு, கால்சியம், சர்க்கரை, அந்த விரல் பரிசோதனை. தைராய்டு குறைவு பெண்களுக்கு மலச்சிக்கலாகவே முதலில் தெரிவதுண்டு. முழு உடல் பரிசோதனை என்று பெரிய தொகைக்கு விளம்பரம் செய்பவை வேண்டாம்.

இனி மாமியார். படுக்கையிலேயே இருக்கும் முதியவருக்கு, முன்னால் பல நாள் போகாமல் இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகத் துணியில் கசிந்துகொண்டே இருந்தால், அது பெரும்பாலும் பேதியே இல்லை. மலக்குடலில் கல்லாக இறுகிய மலம் அடைத்துக்கொண்டிருக்கிறது, மேலிருந்து வரும் திரவம் அதன் ஓரமாக வழிகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். சிறுநீர் போகாமல் நிற்பது, உளறுவது, அடிவயிற்றில் கட்டி தட்டுப்படுவது இதோடு சேர்ந்து வரலாம். இசப்கோல் கொடுக்காதீர்கள், வலுவான பேதி மருந்தும் கொடுக்காதீர்கள். மருத்துவரையோ அனுபவமுள்ள செவிலியரையோ வீட்டுக்கு அழைத்து விரலால் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் எனிமாவாலோ கையாலோ எடுத்துவிட்டு, பிறகு தினமும் பாலிஎதிலீன் கிளைகால் பொடியைத் தொடரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாஸ்பேட் எனிமா வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலக்குடல் காலியாக இருந்தால் மட்டும் அது நிஜப் பேதி. அப்போது உப்புச்சர்க்கரைக் கரைசலைத் தொடங்கி, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் உட்பட அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் நீட்டுங்கள். வழி எதுவானாலும், பேதியை நிறுத்த ஏதாவது மாத்திரை கொடுத்துவந்தால் அதை அந்தப் பரிசோதனை முடியும்வரை நிறுத்திவையுங்கள்.